காசிலிங்கம் கடலுக்குப் போகாத வெள்ளிக்கிழமைகள்

செய்தி வந்தபோது பகல் ஒரு மணி. காசிலிங்கம் பெரியதாழை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வீட்டுத் தொழுவத்தில் கால்நடை டாக்டர் செல்வராணி ஆடுகளின் காதை மடக்கி உண்ணி எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று பார்க்கக் காசிலிங்கத்துக்குத் தெம்பு இல்லை. போனில் மனைவி முத்துக்கனி கத்தினாள்.

“மருந்து ஊத்துன ஆட்டுல ஒண்ணுலகூட உண்ணி இல்லையாம்! டாக்டரம்மாவே சொல்லுதாவ. அங்கன இருந்து என்ன செய்யுதிய? ஓடி வாங்க!”

பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மந்தையின் கதியே அந்த எண்ணிக்கையில்தான் இருந்தது. மழைக்குப் பிறகு பெருகிய உண்ணி, குட்டிகளின் ரத்தத்தை உறிஞ்சி ஒவ்வொன்றாகச் சாய்த்தது. கடை மருந்து எதற்கும் அது அசையவில்லை. புது மருந்தைச் சோதிக்க மந்தை தேடி வந்த செல்வராணிக்கு, காசிலிங்கம் தன் ஆடுகளைக் காட்டினார். பாதி ஆடுகளுக்கு முதுகில் மருந்தை ஊற்றி, அடையாளத்துக்குக் கொம்பில் நீலப் பெயிண்ட் அடித்தார் டாக்டர். மீதியை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டார். கொஞ்ச நாள் கழித்து எண்ணினால் இரண்டு பாதியிலும் உண்ணி ஒரே அளவு! மந்தையை விற்றுவிடலாம் என்று வியாபாரி செந்தூர்பாண்டிக்குச் சொல்லி அனுப்பினாள் முத்துக்கனி.

மனசொடிந்து பையைக் கட்டிய டாக்டரைத் தேற்றத்தான் காசிலிங்கம் வாயைத் திறந்தார்.

“நானும் சும்மா இருக்கலம்மா. மருந்துக்குத் துணையா இருக்கட்டும்னு, வெள்ளிக்கிழம தவறாம எல்லாத்தையும் கடல்ல முக்கித்தான் கொண்டாரேன்.”

உப்புத் தண்ணீர் பட்டால் உண்ணி உதிரும் என்பது அந்தக் கரையில் ஆடு வளர்ப்பவர்களின் நம்பிக்கை. செல்வராணி தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

“ஊத்துன மருந்தையெல்லாம் மீனுக்குக் குடுத்துட்டியளே அண்ணாச்சி! குளிப்பாட்டுவியளான்னு நானும் கேக்காம விட்டுட்டேன்.”

அதே நீலக் கொம்பு ஆடுகளுக்கு மறுபடி ஊற்றினார்கள்; இந்த முறை கடல் குளியல் கிடையாது. அடுத்த எண்ணிக்கை வரை பொறுப்பதாகச் செந்தூர்பாண்டியும் ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வந்தால் ஆடுகள் நிம்மதியாகப் படுத்துக் கிடந்தன. காசிலிங்கத்தின் கால்கள்தான் கடலைப் பார்த்து இழுத்தன. படகுக்கார மெல்வின் கிண்டலை விடவில்லை.

“ஏலே காசி, ஒன் ஆட்டு வாடை எங்க வலைய விட்டு இன்னும் போகலலே. மீனு கிட்டயே வரமாட்டேங்கு!”

“இனிமே மீனுக்கு மருந்து கெடையாது. பட்டினி கெடக்கட்டும்லே!”

அப்படிக் காத்திருந்து வந்த செய்திதான் அது. தொழுவத்துக்கு ஓடிவந்தவர் ஒவ்வொரு காதாகத் தானே மடக்கிப் பார்த்தார். மருந்து படாத பாதியில் உண்ணி அப்பிக் கிடந்தது. நீலக் கொம்பு ஆடுகளின் காதுகளோ கழுவி வைத்ததுபோல் இருந்தன. சாயங்காலம் செந்தூர்பாண்டி வேனோடு வந்து நின்றார்.

“வண்டியத் திருப்பும் அண்ணாச்சி,” என்றார் காசிலிங்கம். “ஸ்டார்ட் ஆகலன்னா சொல்லும், நானே தள்ளி விடுதேன்!”

முத்துக்கனி வாய்விட்டுச் சிரித்தாள். மறுநாளே மீதி ஆடுகளுக்கும் மருந்து ஊற்றிக் கொம்பில் நீலம் அடித்தார்கள். அதன்பிறகு உண்ணியால் ஒரு குட்டியும் சாகவில்லை. மணப்பாடு வரைக்கும் ஆடு வைத்திருப்பவர்களிடம் போய், மருந்து ஊற்றினால் கடலுக்கு ஓட்டாதீர்கள் என்று காசிலிங்கம் தானே சொல்லி வந்தார்.

சுவர் விரிசலிலும் உண்ணி முட்டையிடும், அடைத்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காசிலிங்கம் தன் கையாலேயே சிமெண்ட் குழைத்துப் பூச ஆரம்பித்தார். போன மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டார். ஆடுகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. தொழுவத்தின் வடக்குச் சுவர் பாதிதான் பூசியிருக்கிறது.