ஆன்செல்முக்குச் சொல்லாத கதை

அப்பாவின் துக்கத்துக்கு வந்த யூஃப்ரசி கதை சொல்லாமல் போனதை வெர்ஜில் இத்தனை வருஷமாகியும் மன்னிக்கவில்லை. கடலோர ஊரான டெனரியில் எந்தக் குடிகாரன் செத்தாலும் அவள் கதை சொல்ல வந்து நிற்பாள். கதையில் வருகிற ஏமாளிக்குச் செத்தவன் பேரையே வைப்பாள். அழுதுகொண்டிருந்தவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். செத்தவனுக்கு அதுதான் மரியாதை. அவன் அப்பா, மீனவன் ஆன்செல்முக்கு மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. கொடுத்த ரம்மைக் குடித்தாள், எழுந்து போனாள்.

பிறகு அவளுடைய கதைகளைப் பதிவுசெய்து விற்கிற பிழைப்பு வெர்ஜிலுக்கே வாய்த்தது. எல்லாம் பிள்ளைகள் காதில் விழக்கூடாத கதைகள். மினிபஸ்ஸில் அதைப் போட்டால் இறங்க வேண்டிய இடத்தில் ஒருத்தரும் இறங்குவதில்லை. ஆனாலும் அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அன்று காலை மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு யூஃப்ரசி அவன் கொட்டகைக்குள் வந்தாள்.

"தொண்டையில கட்டியாம். திங்கக்கிழமை குரல்பெட்டியையே எடுக்கறாங்க. மெஷினைப் போடுடா. என் சாவுக்கு நானே கதை சொல்லிட்டுப் போறேன்."

வெர்ஜில் நிமிர்ந்து பார்த்தான். "என்னக்கா பேச்சு இது?"

"வேற யாரு சொல்லுவா? கதை சொல்றேன்னு திரியற அந்த லூசியஸா? அவன் சொன்னா பொணமே கொட்டாவி விடும்."

மைக் முன்னால் உட்கார்ந்து "கிரிக்!" என்றாள். கேட்கிறவர்கள் "கிராக்!" என்று கத்தினால்தான் கதை நகரும். தன் சாவுக்குக் கூடப்போகிற கூட்டம் பதில் கத்த இடம்விட்டுக் காத்திருந்தாள்.

கதையில் யூஃப்ரசி என்றொரு மண்டு மீன்காரி. அடுத்தவள் புருஷனோடு சல்லாபம். வாசலில் காலடிச் சத்தம் கேட்டதும் அவனை அம்மணமாகக் கூடைக்குள் போட்டு மூடுகிறாள். வந்தவள் அவன் பெண்டாட்டி; உள்ளே மீன் என்று நினைத்துக் கூடையோடு விலை பேசித் தூக்கிப் போய்விடுகிறாள். வெர்ஜிலுக்குச் சிரிப்பு முட்டியது.

"வீட்ல போயி கூடையைத் தொறந்தா உள்ள யாரு? நம்ம ஆன்செல்ம்!"

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மெஷினை நிறுத்தினான். "எங்கப்பாவா?"

"உங்கப்பாதான்."

"எங்கம்மா இன்னும் உசுரோட இருக்காக்கா!"

"அவளுக்குத் தெரியாதுன்னா நெனச்சே? மீன் வெட்டற கத்தியத் தூக்கிட்டு மார்க்கெட்டு பூரா என்னைத் தொரத்தினவ யாரு?"

வெர்ஜில் கேட்டான்: "அப்ப அன்னிக்கு அப்பா துக்கத்துல ஏன் கதை சொல்லல?"

"அவனைக் கேலி பண்ணியில்ல சொல்லணும். என்னால முடியலடா. வாயத் தொறந்திருந்தா ஒப்பாரிதான் வந்திருக்கும். உங்கம்மா முன்னால எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அழுவேன்?"

மெஷினை மறுபடி போடச் சொல்லி மிச்சக் கதையையும் அவள் சொல்லி முடித்தாள். "அப்பா பேரை மட்டும் வெட்டிடறேன்" என்று அவன் முனகினான். வாசலில் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவள் திரும்பினாள். அந்தக் குரலில் அவனிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"என் பேரை வேணா எடுத்துடு. அவன் பேரை வெட்டாதடா."