மூணு சீட்டும் ஒரு சாட்சியும்

மூணு சீட்டு ஆடப் பழகியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பழகினேன் என்பதே பெரிய பேச்சு. முதல் ஆறு மாதம் தோற்றேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் கொழுந்து மடுவத்துக்குப் போய்விடுவேன். மற்ற நாளில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகை அது. ஞாயிறன்று காலியாகக் கிடக்கும். சாக்கை விரித்து நாலு பேர் உட்காருவோம். தோட்டத்து லொறி டிரைவர், தபால் பை தூக்கிவரும் தப்பால்காரர், என் சிநேகிதன், நான். சிநேகிதன் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன். எங்கள் லயத்து வரிசை வீட்டில் அடுத்த காம்பரா. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் நானும் பிறந்து வளர்ந்தோம். நான் தேயிலை ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்து பரப்பி வாட்டுகிற வேலை பார்த்தேன். காசு வைத்து ஆடினால் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் காதுக்குப் போய்விடும் என்று பீடிதான் பந்தயம்.

ஆளுக்கு மூன்று சீட்டு. ஜோடி வந்தால் நல்லது, ஒரே நிறம் அதைவிட நல்லது, வரிசை இன்னும் நல்லது, மூன்றும் ஒன்றாக வந்தால் குலதெய்வம் கண் திறந்துவிட்டது என்று அர்த்தம். கையில் ஒன்றுமில்லாதவனும் இருக்கிற மாதிரி நடித்துப் பீடியைத் தூக்கி நடுவில் வைக்கலாம். எதிராளி பயந்து சீட்டைக் கவிழ்த்துவிட்டால் நடுவில் இருப்பதெல்லாம் இவனுக்கு. பயப்படாதவன் "காட்டு" என்று கேட்டுவிட்டால் மானம் போகும்.

நான் எதையும் கவிழ்க்க மாட்டேன். கவிழ்த்தால் கோழை என்று நினைப்பார்களாம்! இரண்டும் நாலும் ஒன்பதும் வந்தாலும் கடைசிவரை போவேன். டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். "ஏம்ப்பா, சாமிக்கு நேந்துவிட்ட கெடா மாதிரி நீயா வந்து கழுத்த நீட்டுறியே!" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபத்தில் இன்னும் இரண்டு பீடி வைப்பேன். அதுவும் போகும்.

ஒருநாள் தலைவலி. கோபப்படக்கூடத் தெம்பில்லை. வந்த சீட்டையெல்லாம் கவிழ்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு ஆட்டம் புரிந்தது. டிரைவருக்கு நல்ல சீட்டு வந்தால் பேச்சு நின்றுவிடும். தப்பால்காரர் பொய்யே ஆட மாட்டார். அவர் பீடியை வைத்தால் எழுந்து ஓடிவிடலாம். என் சிநேகிதனுக்குக் காதில் எப்போதும் ஒரு பீடி செருகியிருக்கும். கையில் ஒன்றுமில்லாமல் பந்தயம் வைக்கும்போது மட்டும் அவன் விரல் தானாகப் போய் அந்தப் பீடியைத் திருகும். அவனுக்கே தெரியாது.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சிநேகிதன் என்றால் என்ன செய்திருக்க வேண்டும்? "டேய், காதத் தொடாதடா" என்று ஒரு வார்த்தை. வாய் வலித்துவிடுமா? நான் சொல்லவில்லை. இரண்டு வருஷம் அவன் விரலைப் பார்த்துப் பார்த்து ஜெயித்தேன். "இவனுக்கு எப்புடித்தான் தெரியுதோ, செய்வினக்காரன்!" என்று அவன் என் முதுகில் அறைந்து சிரிப்பான். நானும் சிரிப்பேன். இத்தனைக்கும் எனக்குப் பீடிப் பழக்கம் கிடையாது. ஜெயித்ததை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன், மழைக்காலத்தில் எல்லாம் பூஞ்சணம் பிடித்துப்போனது. நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்தக் காலத்தில்தான் தோட்டமெங்கும் இலங்கைப் பிரஜாவுரிமைப் பேச்சு. விண்ணப்பம் எழுதிப் போட்டுவிட்டு எல்லோரும் விசாரணைக்குக் காத்திருந்தார்கள். எங்கள் லயத்தில் முதலில் விசாரணை முடிந்து பத்திரம் கைக்கு வந்தது எனக்குத்தான். அதைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

சிநேகிதனுக்கு ஒரு சிக்கல் இருந்தது. அவனுக்கு ஓர் அண்ணன் இருந்து, சின்ன வயதிலேயே காய்ச்சலில் செத்துப்போனான். அதற்குள் அண்ணன் பெயர் செக்ரோலில், தோட்டத்து வேலையாட்கள் புத்தகத்தில், பதிந்திருந்தது. தம்பிக்கு மலைக்கு வேலைக்குப் போக வயசு காணாது. கங்காணி சுலபமாக ஒரு வழி செய்தார். அண்ணன் பெயரை வெட்டாமல் அந்தப் பெயரிலேயே தம்பியை வேலைக்கு அனுப்பிவிட்டார். வீட்டில் சோறு வேண்டியிருந்தது, யாரும் எதுவும் சொல்லவில்லை. அதிலிருந்து காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் அண்ணன் பெயரைக் கூப்பிட்டால் இவன் "ஐயா" என்பான். லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஒருவருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. விண்ணப்பத்தை மட்டும் அவன் தன் சொந்தப் பெயரில், பிறப்புப் பத்திரத்தில் இருந்தபடி எழுதிப் போட்டான். அந்தப் பெயரில் தோட்டத்துப் புத்தகத்தில் ஆளே இல்லை.

அந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சொல்ல இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நுவரெலியாவுக்கு விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. இரண்டு பேரில் ஒருவராவது சொந்தமில்லாத வெளி ஆளாக இருக்க வேண்டும். சொந்தத்தில் தாய்மாமன் இருந்தார். வெளி ஆள்? டிரைவரும் தப்பால்காரரும் பிற்பாடு வந்தவர்கள். லயத்தில் மற்றவர்களுக்கு விசாரணை இன்னும் முடியவில்லை. வாயைத் திறந்தால் தங்கள் காரியம் கெட்டுவிடும் என்று பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது நான் ஒருத்தன்தான்.

எனக்கும் பயம்தான். பெயர் மாற்றி வேலை செய்தது தெரிந்தும் ஏன் இத்தனை வருஷம் சும்மா இருந்தாய் என்று அதிகாரி கேட்டால்? என் பத்திரத்தையும் கொண்டா என்றால்? இதை நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. நானே நினைத்து நானே நடுங்கினேன்.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் உட்கார்ந்தோம். சீட்டுப் போட்டுக்கொண்டே தப்பால்காரர் கேட்டார்.

"வியாழக்கெழமதானே போகணும்? ரெண்டாவது சாட்சிக்கு ஆள் கெடச்சுதா?"

"அதெல்லாம் கெடச்சாச்சுண்ணே. டவுன்ல ஒருத்தரு வர்றேன்னுட்டாரு" என்றான் சிநேகிதன். என்னைப் பார்க்கவில்லை. விரல் காதுக்குப் போய்ப் பீடியைத் திருகியது.

டவுனிலும் இல்லை, எங்கேயும் இல்லை, இவன் கையில் ஒன்றுமில்லை என்று அந்த நொடியில் தெரிந்துவிட்டது. ஆட்டமாக இருந்தால் யோசிக்காமல் "காட்டு" என்றிருப்பேன். இரண்டு வருஷமாக அதைத்தானே செய்தேன்? அன்றைக்கு மட்டும் சீட்டைப் பார்த்துக்கொண்டே, "நல்லதாப் போச்சுடா" என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டுத் தன் சீட்டைக் கவிழ்த்தான். எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு, கவிழ்த்த சீட்டை யாரும் புரட்டிப் பார்க்கக்கூடாது, என்ன வைத்திருந்தாய் என்று கேட்கவும் கூடாது. கேட்காதது மரியாதை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். மரியாதையாம், மண்ணாங்கட்டி! அன்றைக்கு ஆட்டத்திலும் நான்தான் ஜெயித்தேன்.

வியாழக்கிழமை விடியற்காலையில் அவன் தாய்மாமனோடு இறங்கிப் போவதைக் காம்பராக் கதவிடுக்கில் பார்த்தேன். பிறகு ஸ்டோருக்குப் போய் நாள் முழுக்கக் கொழுந்து பரப்பினேன். என்ன நடந்தது என்று தாய்மாமன் பிறகு சொன்னார். விசாரித்த அதிகாரி கெட்டவர் இல்லையாம். "இன்னொருத்தர் வருவாரா?" என்று கேட்டு மத்தியானம்வரை நேரம் கொடுத்தாராம். இவன் வாசலிலேயே நின்று பஸ் வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்தானாம். கடைசியில் விண்ணப்பம் தள்ளுபடி ஆனது.

பிரஜாவுரிமை கிடைக்காதவர்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது, அடுத்த வருஷம் அவனும் பெண்சாதி பிள்ளைகளோடு புறப்பட்டுவிட்டான். அவனும் பார்க்காத ஊர், அவன் அப்பாவும் பார்க்காத ஊர். மூட்டை தூக்க வட்டகொடை ஸ்டேஷன்வரை நானும் போனேன். அதற்காவது துணிந்தேனே! அவன் பெண்சாதி என் முகத்தைப் பார்க்காமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ரயிலில் ஏறிவிட்டாள். அவன் மட்டும் கீழே நின்றான்.

"டேய், அன்னைக்கே எனக்குத் தெரியும்டா. ஒனக்கு ஆளே கெடைக்கலன்னு தெரிஞ்சுக்கிட்டேதான்..." என்று ஆரம்பித்தேன்.

"ஒனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். கோபப்பட்டுக் கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை.

"பின்ன ஏன்டா என்ன ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டு, நீ மாட்டேன்னு சொல்லிட்டா, அப்பறம் நான் எப்புடிடா ஓம் மொகத்துல முழிக்கிறது? பக்கத்துக் காம்பராவுல இருந்துக்கிட்டு?"

அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டேன்டா என்று சொல்ல வாயெடுத்தேன். கார்டு விசிலடித்தான், அவன் ஏறிவிட்டான், வண்டி நகர்ந்தது. ஜன்னலோடு கூடவே கொஞ்ச தூரம் நடந்தேன். சொல்வதற்கு நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. அவன் கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.