ராக்கெட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு

"சேர், இதக் கொஞ்சம் பாருங்க. என்ட மனிசன்ட முகத்தில இனி நான் எப்பிடி முழிக்கிற?"

கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு தபால் கந்தோரில் நான் தபாலதிபராக இருந்த கடைசி வருடம் அது. ஆயிஷா ராத்தா கவுண்டரில் ஒரு கடித உறையை வைத்தார். அதில் விண்வெளிப் பயண நினைவு முத்திரை. நீல வானத்தில் ராக்கெட், அதன் குறுக்கே கறுப்புப் பேனைக் கோடு.

அவருடைய கணவர், அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்றழைக்கும் ஹனீபா, எங்கள் கந்தோரில்தான் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றார். விண்வெளி முத்திரை சேர்ப்பதென்றால் அவருக்கு உயிர். நீரிழிவில், எங்கள் பேச்சில் சீனி வருத்தத்தில், ஒரு காலை வெட்டி எடுத்த பிறகு மனிதர் ஒடிந்துபோனார். யார் பார்க்கப் போனாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். இந்த முத்திரையைக் கண்டாலாவது வாய் திறப்பார் என்று நம்பித்தான் ராத்தா கொழும்பிலிருக்கும் மகளிடம் சொல்லி, வெளியான அன்றே உறையில் ஒட்டி அனுப்பச் செய்திருந்தார்.

வழியில் எங்கோ அந்த முத்திரை தபால் சீல் விழாமல் தப்பிவிட்டது. அப்படி வரும் முத்திரையை யாரும் திரும்பப் பாவிக்காதபடி, கொண்டுபோய்க் கொடுக்கும் தபால்காரர் பேனையால் கோடு போடுவது எங்கள் வழக்கம். எங்கள் தபால்காரர் ஜவ்பர் பழக்கதோஷத்தில் இழுத்துவிட்டார்.

"கை தானாப் போயிட்டு சேர். காக்காட பேரப் பாக்கிறதுக்குள்ள கோடு விழுந்திட்டு."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன். வேறு முத்திரை கேட்டுப் பார்த்தேன். எங்கும் தீர்ந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க ஜவ்பரும் நானும் ராத்தாவோடு போனோம்.

காக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ராத்தா உறையை அவர் கையில் வைத்ததும் கண்ணாடியைத் தேடிப் போட்டார். உற்றுப் பார்த்தார்.

"ஆரு இந்தக் கோட்டப் போட்ட?"

"நான்தான் காக்கா. மன்னிச்சுக்கங்க," என்றார் ஜவ்பர், கதவடியில் நின்றபடி.

"வெக்கமா இல்லையாடா ஒனக்கு? இப்பிடி நூல் மாதிரிக் கோடு போட்டா அழிச்சுப்போட்டுத் திரும்ப ஒட்டமாட்டானா? அழுத்திப் போடணும்!"

ஜவ்பருக்கு ரோசம் வந்துவிட்டது. "அழுத்தினா உள்ள இருக்கிற கடிதம் கிழியும் காக்கா."

"நான் எவ்வளவு காலம் போட்ட! எந்தக் கடிதம் கிழிஞ்ச, சொல்லு பாப்பம்?"

இருவருக்கும் வாய்த்தர்க்கம் பிடித்துக்கொண்டது. கோட்டில் தொடங்கிய சண்டை, தபால் கொடுக்கப் போனால் கடற்கரை வீதியை முதலில் முடிப்பதா கடைசியில் முடிப்பதா என்பது வரை போனது. காக்கா எப்போது எழுந்து உட்கார்ந்தார் என்றே எனக்குத் தெரியாது. ராத்தா அவர் முதுகுக்குத் தலையணை வைத்துவிட்டு, முக்காட்டால் கண்ணைத் துடைத்தபடி தேத்தண்ணி ஊற்றப் போனார்.

அதுவரை நாங்களெல்லாம் ஒரு நோயாளியைப் பார்க்கத்தான் அந்த வீட்டுக்குப் போய்வந்திருக்கிறோம். தபால்காரரைப் பார்க்க ஒருவரும் போகவில்லை. அன்றுதான் எனக்கு அது உறைத்தது.

புறப்படும்போது ராத்தா வாசலில் என்னிடம் மெல்லச் சொன்னார்:

"சேர், அடுத்த முத்திரைக்கும் ஜவ்பர் தம்பியையே கோடு போடச் சொல்லுங்க."