வாசலில் ஒரு சோடி சப்பாத்து

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடி வீட்டு வாசலில் பத்தாம் அளவு கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி கிடந்தது. என் பொறாமை அங்கேதான் தொடங்கியது.

"அப்பா வந்திட்டாரோ?" என்று கேட்டேன்.

"அவர் கட்டாரில. சப்பாத்து மட்டும்தான் இஞ்ச," என்றாள் என் ரியூசன் வகுப்புத் தோழி. "ரெண்டு பெட்டையள் தனிய இருக்கிறம் எண்டு தெரிஞ்சால் வீட்டுக்கார அன்ரி வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப்போடுவா. ஒருத்தரிட்டையும் கதைச்சுப்போடாதை."

அவளுடைய அம்மா, மூத்த மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடா போயிருந்தார். வரும்வரை பாமன்கடைச் சித்தி அவர்களோடு வந்து தங்குவதாகப் பேச்சு. சித்தி ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்குழம்போடு வந்து, குழம்பு ஆறுமுன் போய்விடுவார். மற்ற நாட்களில் அவளும் தங்கையும்தான். தங்கை தினமும் காலையில் சப்பாத்தின் திசையை மாற்றி வைப்பாள், ஆள் போய் வருவதுபோல.

எனக்கு வயிறு எரிந்தது. அவர்கள் பாயில் படுத்தபடி மீன் அடைத்த மாலுபாண் தின்றார்கள். ஈரத்துவாயைக் கதவில் போட்டால் கேட்க ஆளில்லை. நானோ கொட்டாஞ்சேனைக்காரி. பஸ் புறக்கோட்டையைத் தாண்டினால் அம்மாவின் ஒரு போன் கோல், கொள்ளுப்பிட்டியில் இன்னொன்று. ஒருநாள் எடுக்காமல் விட்டதற்கு அப்பா வகுப்பு வாசலுக்கே வந்து நின்றார், ஹெல்மெட்டைக் கழற்றாமல்.

அந்த எரிச்சலில் ஒரு தடித்த மட்டைச் சீஆர் கொப்பியில் நாவல் எழுதத் தொடங்கினேன். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அக்கா தங்கை. மூன்றாவதாக ஒரு சகோதரியையும் சேர்த்தேன். சமையல், முடிவு, வீரம் எல்லாம் அவள்தான். ஐந்தாம் அத்தியாயத்தில் சப்பாத்து வந்தது. கதைக்காதே என்றுதானே சொன்னாள், எழுதாதே என்று சொல்லவில்லையே என்று என்னை நானே ஏய்த்துக்கொண்டேன். மூன்றாம் மாடியை நான்காம் மாடியாக்கினேன். நான் செய்த மறைப்பு அவ்வளவுதான்.

கொப்பி வகுப்பில் மேசைக்குக் கீழால் கைமாறியது. "மச்சி, அடுத்த சப்டர் எப்ப?" என்று கேட்டார்கள். தலைகால் தெரியவில்லை எனக்கு. வாசித்தவர்களில் ஒருத்தி தோழியின் கட்டடத்திலேயே இருப்பவள் என்பதை யோசிக்கவேயில்லை. அவளுடைய தலையணைக்கடியிலிருந்து கொப்பியை எடுத்த அவளின் அம்மா, படியேறிப் போய் அந்தச் சப்பாத்தைக் குனிந்து பார்த்தாராம். உள்ளே சிலந்தி வலை.

அந்தக் கிழமையே வீட்டுக்கார அன்ரிக்கும் கனடாவுக்கும் தகவல் போனது. அடுத்த கிழமை இருவரும் சித்தி வீட்டு ஹோலில், ஒரு சேலைத் திரைக்குப் பின்னால்.

ரியூசன் முடிந்து தோழி, தன் கைக்கு வந்துசேர்ந்திருந்த கொப்பியைத் திருப்பித் தந்தாள்.

"முழுக்க வாசிச்சனான்," என்றாள். "சரியாத்தான் எழுதியிருக்கிறாய். ஆனா நாங்கள் ரெண்டு பேர்தானே. அந்த மூண்டாவது பெட்டை ஆர்?"

கொப்பியை அவசரமாக உள்ளே திணித்தேன். பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"எடு. அம்மாவாத்தான் இருக்கும்," என்றாள்.

தங்கை குடையோடு வாசலில் நின்றாள். ஒரே குடைக்குள் இருவரும் தோளை இடித்துக்கொண்டு பஸ்கள் இரையும் காலி வீதியைக் கடந்தார்கள். தங்கை ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். வீட்டையே இல்லாமலாக்கிவிட்டு நின்றேன். அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.