வராத வேனுக்கு ஒரு மேடைப் பேச்சு

இரண்டு ஆண்டுகளுக்கு முன், திண்டுக்கல்லில் ஒரு தனியார் கண் மருத்துவமனையின் மக்கள் தொடர்புப் பிரிவில் நான் பயிற்சியாளராக இருந்தபோது நடந்தது இது. பயிற்சியில் இருந்தவர்கள் இருவர்: நானும், பேகம்பூரிலிருந்து வந்த ஒரு பெண்ணும். நிரந்தர வேலை ஒருவருக்குத்தான் என்று மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

கல்லூரிக் காலம் முழுவதும் பட்டிமன்ற மேடைகளில் கைதட்டல் வாங்கி வளர்ந்தவன் நான். அவளோ மைக்கைக் கண்டால் ஓரடி பின்வாங்குவாள். ஆகவே வேலை எனக்கே என்று நம்பியிருந்தேன். ஆனால், எதுகை மோனையோடு நான் எழுதிய செய்திக்குறிப்பை நாளிதழ்கள் இரண்டு வரியாகச் சுருக்கின. அவள் எழுதியது எழுதியபடியே அச்சானது. அலுவலகத்துக்கு அழைக்கும் நிருபர்கள், “அந்தப் பாப்பா இருக்கா?” என்றே கேட்டார்கள். ரிசீவரை அவளிடம் நீட்டும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சமயத்தில், நத்தம் சாலையை ஒட்டி மல்லிகை பயிரிடும் ஒரு கிராமத்தில் சிக்கல் எழுந்தது. இலவசக் கண் பரிசோதனைக்கு ஆட்களை அழைத்துவர விடியற்காலையில் வேன் அனுப்புவதாகச் சொல்லியிருந்தோம், வேன் போகவில்லை. இனி எந்த முகாமுக்கும் வரமாட்டோம் என்று ஊரே சொல்லிவிட்டது.

“ரெண்டு பேரும் போய்ப் பேசுங்க. யாருக்கு வேலைன்னு இதை வச்சுத்தான் முடிவு பண்ணுவேன்” என்றார் மேலாளர்.

சமுதாயக்கூடத்தில் நான்தான் முதலில் மைக்கைப் பிடித்தேன். பார்வையின் அருமை, மருத்துவமனையின் தொண்டு என்று குரலை ஏற்றி இறக்கிப் பேசி முடித்ததும் கைதட்டினார்கள். ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். மனம் குளிர்ந்தது.

அப்போது ஓர் அம்மா எழுந்தார். “அம்புட்டும் நல்லாத்தேன் பேசுற அப்பு. வேன் ஏன் வரல? அத மட்டும் சொல்லு.”

எதிரணியின் குற்றச்சாட்டை ஒருபோதும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது மேடை எனக்குக் கற்றுத்தந்த விதி. அது வாடகை வேன், வழியில் பழுதானது, அதற்கு மருத்துவமனை எவ்வாறு பொறுப்பாகும் என்று வாதங்களை அடுக்கினேன். மறுத்துப் பேச ஒருவராலும் முடியவில்லை. வென்றுவிட்டேன் என்று நான் நினைத்த நொடியில், பின்வரிசையில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“வாங்கப்பா, போவோம். விட்டா தம்பி நம்ம மேலயே கேஸ் போட்ரும்.”

கூடமே சிரித்தது. பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

அவள் மைக்கைத் தொடவில்லை. வாசலருகே போய் நின்று சொன்னாள்: “தப்பு எங்க மேலதான். வேன் வராதுன்னு தெரிஞ்சதும் ஒரு போன் போட்டிருக்கணும். போடல. அன்னிக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க, கேக்குறேன்.”

கொட்டித் தீர்த்தார்கள். “மொட்டுப் பறிக்கிற நேரத்த விட்டுட்டு ரோட்டுல நின்னோம். திரும்பிப் போறதுக்குள்ள அம்புட்டும் செடியிலயே விரிஞ்சுபோச்சு. விரிஞ்ச பூவ மார்க்கெட்ல எவன் வாங்குவான்?”

அவள் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. அவர்கள் ஓய்ந்த பிறகு, பறிப்பு முடிந்து வெயில் ஏறியதும் வேன் அனுப்பினால் வருவீர்களா என்று மட்டும் கேட்டாள்.

“நீ அந்த வேன்ல வா. அப்பத்தேன் ஏறுவோம்” என்றார் அந்த அம்மா.

“வாரேம்மா. ஆனா ஜன்னல் சீட்டு எனக்கு!”

அதே கூடம் மறுபடியும் சிரித்தது. எனக்குக் கிடைத்த சிரிப்பு அல்ல அது.

திரும்பும் வழியில் என்னால் வாயை அடக்க முடியவில்லை. “மன்னிப்புக் கேக்குறதுக்கு ஒரு திறமை வேணுமா? அத யார் வேணும்னாலும் செய்யலாம்.”

“அப்ப நீங்க ஏன் செய்யல?” என்றாள். குரலில் குத்தல் துளியும் இல்லை, உண்மையாகவே கேட்டாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

வேலை அவளுக்கே கிடைத்தது. நான் வாழ்த்துச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன், பேச்சுப் பயிற்சி அதற்காவது உதவியது.

இன்று வேறொரு நிறுவனத்தில் அதே பணியில் இருக்கிறேன். புகாரோடு வருபவர்களிடம் “தப்பு எங்க மேலதான்” என்று தொடங்கி, அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறேன். பக்குவமானவன் என்று பாராட்டுகிறார்கள். ஒவ்வொரு பாராட்டும் அவள் முகவரிக்குப் போக வேண்டியது என்பது எனக்குத் தெரிவதால், அந்தப் பொறாமை மட்டும் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.