அட்டைப்பூச்சிக்கு அஞ்சும் ராஜகுமாரன்

“ஏட்டி, முந்தானைய இழுத்துச் சொருகு. குதிரை மிதிச்சிரும்.”

ஆட்டுரலைச் சுற்றியபடி முப்பிடாதியம்மாள் சொல்கிறாள். அருகில் யாரும் இல்லை. முந்தானைக்காரி ஒரு பாண்டிய இளவரசி. குதிரை நிற்பது அடுத்த வாரத்து அத்தியாயத்தில். மாவை வழித்து முடிப்பதற்குள் இளவரசி குதிரை ஏறிவிடுவாள். மறுநாள் இட்லி எப்படி இருக்கும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இலஞ்சியில் எங்களுக்கு அடுத்த வீடு அவளுடையது. வயது முப்பதைத் தொடவில்லை. புருஷன் தளவாய் பக்கத்துக் குற்றாலத்தில் போலீஸ்காரர். சாரல் காலத்தில் பேரருவிக் கரையில் நின்று விசில் ஊதி, வழுக்குப் பாறையில் ஏறுகிறவர்களை இறக்கிவிடுவது அவர் வேலை. மனைவி மதுரையிலிருந்து வரும் நாலணா வாரப் பத்திரிகையில் சரித்திரத் தொடர்கதை எழுதுகிறாள். சரித்திரம் என்று பத்திரிகைக்காரர்கள்தாம் போடுகிறார்கள். அதில் சரித்திரம் எவ்வளவு என்று கேட்டால், “வெத்தல போடுதீயளாக்கா?” என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

பள்ளிக்கூடத்தில் ஏசுவடியான் வாத்தியார் சொன்ன வெள்ளைக்காரத் தேசத்துத் தேவதைக் கதைகள்தாம் இவளுடைய கைமுதல். ஆனால் அவற்றை அப்படியே விடமாட்டாள். “கண்ணாடியில செருப்புப் போட்டு ஆடுனாளாம். காலு கிழிஞ்சிராதாக்கா?” என்று கேட்டு, அதைச் சந்தனக்கட்டைப் பாதுகையாக்கினாள். விஷ ஆப்பிள் மங்குஸ்தான் பழம் ஆயிற்று. தென்காசியில் மொட்டையாக நிற்கிற கோபுரத்தைக் கதையில் முழுசாகக் கட்டி, உச்சியில் இளவரசியைக் குடிவைத்தாள். குதிரை ஏறிக் கிளம்பிய அந்த இளவரசி, இப்போது சூனியக்காரி கொடுத்த மங்குஸ்தானைத் தின்றுவிட்டு, தேனருவிக்குப் பின்னால் ஒரு குகையில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். அவள் விழிப்பதற்காக எத்தனையோ ஊர்ப் பெண்கள் காத்திருக்கிறார்கள். நானும்தான்.

சாரல் விழத் தொடங்கிவிட்டால் முப்பிடாதியோடு பேசிப் பயனில்லை. மலையிலிருந்து மேகம் இறங்கி, வயலும் தென்னந்தோப்பும் மங்கும்போது அவள் பார்வையும் எங்கோ போய்விடும். “அந்தா, அருவிச் சத்தம் கேக்குதாக்கா? அதுக்கு உள்ளுக்குள்ள ஒருத்தி மெதுவா மூச்சு விடுதா” என்பாள். இலஞ்சியில் இருந்துகொண்டு எனக்கு எந்த அருவியும் கேட்டதில்லை. ஆனால் அவள் சொன்ன நாளிலிருந்து, மழைக்கு நடுவே எனக்கும் அந்த மூச்சு கேட்கத்தான் செய்கிறது.

இந்த ஆனியில்தான் வினை வந்தது. அருவிக்கரைக் காவல் கொட்டகையில் யாரோ தொடர்கதையை உரக்கப் படித்திருக்கிறார்கள். “மனசுல ஒருத்தன் இல்லாம ஒரு பொம்பள இப்படி எழுத முடியுமாவே?” என்று இன்னொருவர் கேட்டுவைக்க, அது தளவாய்க்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற மனிதர். மனைவியின் கதையை ஒருநாளும் தொட்டதில்லை. வீட்டுக்கு வந்து, “இனி எழுதவேண்டாம்” என்றார். காரணம் சொல்லவில்லை. அன்றிலிருந்து சாப்பாடும் வெளியில் என்றாகிவிட்டது. வெள்ளிக்கிழமைத் தபாலில் அத்தியாயம் வராவிட்டால் வேறு ஆளை வைத்துக் கதையை முடிப்போம் என்று பத்திரிகையிலிருந்து தந்தி வந்தது. கதை கைவிட்டுப் போவது அவளுக்குத் துக்கம். அவர் தன் கையால் ஒருவாய் சாப்பிடாதது அதைவிடப் பெரிய துக்கம். எனக்குத் தளவாய் மேல் வந்த கோபத்தை அச்சில் போட முடியாது.

வியாழக்கிழமை மத்தியானம் உறைமோர் வாங்கப் போயிருந்தேன். பாயில் வெறும் தாளை வைத்துக்கொண்டு, பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். தளவாய் நனைந்த உடுப்போடு உள்ளே வந்தார். அவள் சண்டை போடவில்லை. எழுந்து, அந்த வாரப் பத்திரிகையைப் பிரித்து அவர் கையில் கொடுத்தாள்.

“ஒரே ஒரு பக்கம் படிங்க. பெறவும் வேண்டாம்னு சொன்னியன்னா, பேனாவ அருவியில போட்டிருதேன்.”

அவர் விரல் வைத்துப் படித்தார். ராஜகுமாரன் தன்னந்தனியாக ஒரு படையையே விரட்டுகிறான். இளவரசியைத் தேடிக் காட்டுக்குள் நுழைகிறான். காலில் ஓர் அட்டைப்பூச்சி ஏறியதும் அலறிக்கொண்டு பாறைமேல் தாவி, கண்ணை இறுக மூடி, யாராவது எடுத்துவிட மாட்டார்களா என்று நடுங்கி நிற்கிறான். தளவாயின் விரல் அங்கேயே நின்றது.

“இத யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னேம்லா?”

“யாருகிட்டயும் சொல்லலையே. எழுதத்தான் செஞ்சேன்.”

“ஊரே சிரிக்குமேட்டி.”

“ஊருக்கு ராஜகுமாரனத்தான் தெரியும். இது ஆருன்னு எனக்குத்தான தெரியும்?”

அவர் அந்தப் பக்கத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “அந்தப் பிள்ள எப்பம் முழிக்கும்?” என்று கேட்டார்.

“அதான் எழுத வரமாட்டேங்கு. குகை தாழ்வா இருக்கு. அவன் குனிஞ்சா தலைப்பா சரிஞ்சு அவ மேல விழுமா, விழாதான்னு தெரியல.”

தளவாய் என்னை ஒருதரம் பார்த்தார். நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், பார்த்துவிட்டேன். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“எங்கன படுத்துக் கிடக்கா?” என்றார்.

முப்பிடாதி பேனாவை மூடி வைத்தாள். பாயில் மெல்லச் சாய்ந்து, கண்களை மூடிக்கொண்டாள்.