ஸ்பீக்கரும் வாங்க என்றது

சரவணம்பட்டியில் தண்ணீர் ஃபில்டர் சர்வீஸுக்குப் போனால் பல வீடுகளில் “வாங்க” என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். சமையலறைப் பக்கம் கையைக் காட்டுவார்கள். ஒரு வீட்டில் கதவைத் தள்ளியதுமே அலமாரியிலிருந்த ஸ்மார்ட் ஸ்பீக்கர், “வாங்க, உக்காருங்க” என்றது. பின்னாலேயே, நெற்றி நிறையத் திருநீறும் மாவுக் கையுமாக ஓர் அம்மா எழுந்துவந்து, அவரும் “வாங்க” என்றார்.

“இதுக்கும் பழக்கிப்போட்டீங்களா?”

“பின்னே? அதுவும் நம்மூட்டுல தானுங்களே இருக்குது! வந்தவங்கள வாங்கன்னு கேக்காட்டி ஊட்டுக்குத் தானுங்களே கெட்ட பேரு.” மகளைப் பற்றிச் சொல்வதுபோல அத்தனை பெருமை.

வேலை முடிந்து, “போயிட்டு வாரேனுங்க” என்றேன்.

“அதுகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போங்க.”

கூச்சப்படாமல் சொன்னேன். அன்று மீதி வீடுகளுக்கு நிமிர்ந்துதான் போனேன்.